டிரெய்லர் சிங்கிலிருந்து வரும் சாக்கடை நாற்றம்: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழி

டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், தங்கும் வசதியுள்ள வண்டி) கதவைத் திறந்ததும் சிங்க் பக்கமிருந்து சாக்கடை நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பெரும்பாலானோர் உடனே ஒரு பாட்டில் டேங்க் மருந்தை வாங்கி வடிகாலில் ஊற்றுகிறார்கள். ஒரு நாள் அடங்கும், மறுநாள் திரும்ப வரும். டேங்குக்குள் அழுக்குத் தண்ணீர் இருக்கும்வரை அங்கே நாற்றம் இருக்கத்தான் செய்யும். அது வண்டிக்குள் வர எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பது முதல் வேலை. டேங்கைக் கழுவுவது அதற்கு அப்புறம்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். செலவில்லாத சோதனைகள் முதலில், கழற்றும் வேலை அடுத்து, கூரைமேல் ஏறுவது கடைசியில் என்று வைத்திருக்கிறேன். ஒரு படியில் நாற்றம் நின்றுவிட்டால் அதோடு நிறுத்தி ஒரு நாள் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கு பாகங்களை மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

சிங்க், குளியல் தண்ணீர் சேரும் தொட்டியைக் கிரே டேங்க் என்றும், கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியைப் பிளாக் டேங்க் என்றும் சொல்கிறேன். இரண்டும் வண்டிக்கு வெளியே பெரும்பாலும் ஒரே வாயில்தான் வந்து சேரும்.

1. முதலில், இது சமையல் எரிவாயு இல்லை என்று உறுதி செய்யுங்கள்

எல்பிஜி வாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அதன் வாடை அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ் போல இருக்கும். சாக்கடை வாயுவோடு அதைக் குழப்பிக்கொள்வது சுலபம். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

சந்தேகம் துளி இருந்தாலும் ஸ்விட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டர் வால்வை மூடி, கதவைத் திறந்து போடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தரைக்கு அருகில் பொருத்தியிருக்கும் வாயு எச்சரிக்கைக் கருவி அலறினாலோ, சிலிண்டரை மூடியபின் நாற்றம் நின்றுபோனாலோ இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. எரிவாயு வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

சாக்கடை வாயுவிலும் மீத்தேன் இருக்கலாம், அது தீப்பற்றும். எனவே கசிவு தேட ஊதுபத்தியோ, மெழுகுவர்த்தியோ, லைட்டரோ வேண்டாம். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கப் பலர் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அதே வேலையை ஒரு டிஷ்யூ காகிதத் துண்டு செய்துவிடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

டார்ச், ரப்பர் கையுறை, சிறிய பக்கெட், பழைய துணிகள், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ், சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், ரப்பர் பேண்டுகள், டெஃப்லான் டேப், டிஷ்யூ காகிதம். புதிய காற்று வால்வும் வாஷர்களும் 6, 7-ஆம் படிகளுக்கு வேண்டும். அவற்றை இப்போதே வாங்காதீர்கள். கழற்றி அளவு பார்த்தபின் வாங்குவதுதான் சரி.

3. நாற்றம் எப்போது வருகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்

பொறுமையில்லாமல் பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

சில வாரம் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுத் திறந்ததும் வந்தால், சிங்கிற்குக் கீழே வளைந்திருக்கும் குழாயான டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். சிங்கில் தண்ணீர் வடியும்போது அல்லது வடிந்து முடிந்தவுடன் வந்தால், சிங்கிற்கு அடியில் உள்ள காற்று வால்வைச் சந்தேகப்படுங்கள். கூரை மின்விசிறி (உள்காற்றை வெளியே தள்ளும் விசிறி) ஓடும்போது மட்டும் வந்தால், எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது, விசிறி அதன் வழியே காற்றை இழுக்கிறது. டேங்க் நிறைய நிறைய அதிகமானால், டேங்கின் வாயுவை வெளியே விடக் கூரைக்குப் போகும் வென்ட் குழாயில் கோளாறு.

வெந்நீரைத் திறக்கும்போது மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் அது வடிகாலே அல்ல. ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் பிடித்து, வண்டிக்கு வெளியே எடுத்துப் போய் முகர்ந்து பாருங்கள். டம்ளரே நாறினால் வாட்டர் ஹீட்டருக்குள் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, ஹீட்டரைத்தான் கழுவ வேண்டும். இதைப் பார்க்காமல் சிங்க் குழாய்களை எல்லாம் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூக்கைப் பற்றி ஒரு விஷயம். நாற்றத்துக்கு முக்கியக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கைச் சீக்கிரமே பழக்கப்படுத்திவிடும். வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் நின்றுகொண்டு "இப்போது நாறவில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள். உள்ளேயே இருந்தவரைவிட, வெளியிலிருந்து புதிதாக வருபவரின் மூக்கை நம்பலாம்.

4. எல்லா வடிகாலிலும் தண்ணீர் ஊற்றுங்கள்

சிங்கிற்குக் கீழே ஆங்கில "யு" எழுத்துப் போல வளைந்திருப்பதுதான் டிராப். அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் டேங்க் வாயுவுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள ஒரே கதவு. வெயிலில் நிறுத்திய வண்டியில் அது ஆவியாகிவிடும். மேடு பள்ளத்தில் ஓடும்போது தளும்பி டேங்கிற்குள் போய்விடும்.

சமையலறை சிங்க், முகம் கழுவும் சிங்க், ஷவர் எல்லாவற்றிலும் இரண்டு டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். ஷவரை மறந்துவிடாதீர்கள். தரைக்கு அடியில் இடம் குறைவு என்பதால் அதன் டிராப் பெரும்பாலும் ஆழம் குறைவாகவே இருக்கும், முதலில் வற்றுவதும் அதுதான். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என்று விட்டிருக்கும் குழாய் வாய் ஏதாவது அலமாரிக்குள் இருந்தால் அதிலும் ஊற்றுங்கள். இயந்திரமே வைக்காத வண்டியில் அந்த டிராப் எப்போதும் காய்ந்தே கிடக்கும், யாருக்கும் நினைவிலும் இருக்காது.

கழிப்பறைக் கிண்ணத்திலும் சிறிது தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் கீழே இறங்கியிருந்தால் அதன் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. நாற்றம் சிங்கிலிருந்து வருவது போலத் தோன்றினாலும் காரணம் அங்கே இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். சில வண்டிகளில் வளைவுக்குப் பதிலாக நேரான குழாய் போன்ற, தண்ணீர் தேங்காத வால்வு இருக்கும். அதற்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு இருக்கிறது. தண்ணீர் வரும்போது திறந்து, நின்றதும் ஒட்டிக்கொள்ளும். இதில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் சவ்வில் ஒட்டி அதைத் திறந்தபடியே நிறுத்தியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் நிறைய விட்டுக் கழுவுங்கள். கம்பியோ கூரான எதையோ உள்ளே விட்டால் சவ்வு கிழிந்துவிடும்.

5. ஒவ்வொரு வாயாக மூடிச் சோதியுங்கள்

தண்ணீர் ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லையா? சரி, இப்போது இடத்தைப் பிடிக்க வேண்டும்.

அடுப்பு, ஹீட்டர் போன்ற எரிவாயுக் கருவிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இது கட்டாயம். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது அவற்றின் புகை வண்டிக்குள் திரும்பலாம். பிறகு சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி, கூரை விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி வேகமாக ஓட விடுங்கள். இப்போது வண்டி காற்றை உறிஞ்சும் பெட்டி போல ஆகிவிட்டது. எங்கே திறப்பு இருந்தாலும் அங்கிருந்து காற்று உள்ளே வரும்.

டிஷ்யூவை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து ஒவ்வொரு வடிகால் வாய்க்கும், சிங்கிற்கு அடியில் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும், காற்று வால்வுக்கும் அருகில் பிடியுங்கள். நல்ல டிராப் உள்ள வடிகால்மேல் காகிதம் சும்மா தொங்கும். கசிவு இருந்தால் நுனி மெல்ல நடுங்கும். அதே இடத்தில் மூக்கை வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

காகிதம் எதையும் காட்டாவிட்டால் இரவுச் சோதனை செய்யுங்கள். எல்லா வடிகால் வாயையும் அடைப்பானாலோ ஈரத் துணி மேல் வைத்த பிளாஸ்டிக் தாளாலோ மூடி, விசிறியை நிறுத்திவிட்டுக் காலையில் வாருங்கள். நாற்றம் இல்லையென்றால் குற்றவாளி வடிகால் வாய்களில் ஒன்று. ஒரு நாளுக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். எல்லாம் மூடியும் நாறினால் கசிவு வடிகாலுக்குப் பின்னால், அலமாரிக்குள்ளோ சுவருக்குள்ளோ இருக்கிறது. சிங்க் அலமாரியின் கதவைத் திறந்ததும் அடிக்கும் முதல் காற்றைக் கவனியுங்கள்.

6. காற்று வால்வு: அதிகம் பேர் கோட்டை விடும் இடம்

சிங்கிற்கு அடியில், அலமாரியின் பின்பக்கம், டிராப்பைவிட உயரமாக ஒரு சிறு குழாய் செங்குத்தாக நின்று, தலையில் கறுப்பு அல்லது வெள்ளைத் தொப்பி போட்டது போல இருக்கும். வேறு எங்கும் போகாது, அங்கேயே முடிந்துவிடும். பார்ப்பவர்கள் ஏதோ மூடி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுதான் காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு.

தண்ணீர் வேகமாக வடியும்போது குழாயில் உறிஞ்சல் ஏற்படும். வால்வு திறந்து காற்றை உள்ளே விடாவிட்டால் அந்த உறிஞ்சல் டிராப்பில் உள்ள தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் நின்றதும் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். பல டிரெய்லர்களில் இருப்பது ஸ்பிரிங் வைத்து ரப்பர் வளையம் மூடும் மலிவான வகை. தூசியும் பிசுக்கும் சேர்ந்து ரப்பர் இறுகிப்போனால் பாதி திறந்தபடியே நின்றுவிடும். அப்போது டேங்கின் காற்று நேராக உங்கள் அலமாரிக்குள் வரும்.

ஒருவர் மூன்று பாட்டில் மருந்து ஊற்றி, டேங்கை இரண்டு முறை கழுவி, அப்படியும் தீராமல் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உள்ளே ரப்பர் வளையத்துக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே மரத்தூள் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தது, அரிசி மணி அளவுகூட இல்லை. வண்டி கட்டியபோது விழுந்ததாக இருக்கும். புதிய வால்வைத் திருகிய அன்றே நாற்றம் நின்றது.

உறுதி செய்ய: வால்வின் தலையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்டால் கட்டி ஓர் இரவு விடுங்கள். அதுவரை சிங்கைப் பயன்படுத்த வேண்டாம். நாற்றம் நின்றால் வால்வுதான் காரணம்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. கீழே உள்ள குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் வால்வை இடப்பக்கமாகத் திருகுங்கள். குழாயைப் பிடிக்காமல் திருகினால் கீழே ஒட்டிய இணைப்பு விட்டுப்போகும். பழையதை எடுத்துப் போய் மரையின் அளவு பார்த்தே புதியதை வாங்குங்கள். ஒன்றரை அங்குலம் அதிகம் காணப்படும் அளவு, ஆனால் எல்லா வண்டிக்கும் அதுவே என்று நினைக்காதீர்கள். இடம் இருந்தால் ஸ்பிரிங் வகைக்குப் பதிலாக, தன் எடையாலேயே மூடிக்கொள்ளும் நல்ல வகையைப் போடுங்கள். அது சாயாமல் நேராக நிற்க வேண்டும். வடிகாலின் கிடைக்குழாயைவிடக் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர், உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அழுக்குத் தண்ணீர் அதற்குள்ளேயே ஏறி மறுபடி கெடுக்கும்.

மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். திசை மாறினால் திருகும்போது டேப் உரிந்து வந்துவிடும். கையால் இறுக்குவது போதும். பிளாஸ்டிக் மரையில் ஸ்பேனர் போட்டால் வெடிப்பு விடும், அந்த வெடிப்பே புதுக் கசிவாகிவிடும்.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். வால்விலிருந்து நாற்றம் வருகிறது என்று தெரிந்ததும் அதை டேப் ஒட்டியோ பசை பூசியோ நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். அப்புறம் சிங்க் வடியும்போது குடுகுடுவென்று சத்தம் வரும், டிராப் தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் போகும், நாற்றம் இப்போது வடிகால் வாய் வழியாக வரும்.

7. டிராப்பையும் இணைப்புகளையும் பாருங்கள்

வண்டி ஓடும் அதிர்வில் பிளாஸ்டிக் நட்டுகள் தளரும். தண்ணீர் சொட்டவில்லை, அதனால் கசிவு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். டிராப்பைத் தாண்டி டேங்க் பக்கம் இருக்கும் இணைப்புகளில் தண்ணீர் தேங்கி நிற்பதே இல்லை. அங்கே வாஷர் விலகியிருந்தால் ஒரு சொட்டுகூட வராமல் வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

முதலில் எல்லா நட்டையும் கையால் இறுக்கிப் பாருங்கள். ஒன்று கால் சுற்று இறுகினால்கூட அதுவே காரணமாக இருக்கலாம், ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கழற்றுவதானால் பக்கெட்டை அடியில் வைத்து, கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே படிந்திருக்கும் வழவழப்பான கறுப்புப் படலத்தைப் பிரஷ் போட்டுச் சோப்பால் தேயுங்கள். வடிகால் வாயிலிருந்து டிராப் வரையுள்ள குழாயில் படியும் இந்தப் படலமும் தனியே நாறும், முகம் கழுவும் சிங்கின் மேல்பக்கத்துச் சிறு துளைக்குள்ளும் அது இருக்கும். வாஷர் கெட்டியாகவோ நசுங்கியோ இருந்தால் மாற்றுங்கள். மாட்டும்போது வாஷரின் தட்டைப் பக்கம் நட்டை நோக்கியும், சரிந்த பக்கம் இணைப்பின் வாயை நோக்கியும் இருக்க வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

கொதிக்கும் தண்ணீரையும் அடைப்பு நீக்கும் காரப் பொடிகளையும் ஊற்ற வேண்டாம். இந்தக் குழாய்களும் ரப்பர்களும் அந்தச் சூட்டுக்கும் காரத்துக்கும் செய்யப்பட்டவை அல்ல. ப்ளீச்சும் வினிகரும் ஒன்றாகச் சேரவே கூடாது, நச்சான குளோரின் வாயு வரும். சிறுநீர் சேரும் பிளாக் டேங்கிலும் ப்ளீச் வேண்டாம், அங்கே அம்மோனியா இருக்கிறது.

மாட்டியபின் சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். வடிந்து முடிந்ததும் டார்ச் அடித்து வடிகாலுக்குள் பாருங்கள். ஒளி பட்டுத் தண்ணீர் மினுங்கினால் டிராப் பிடித்து நிற்கிறது. மினுங்கவில்லை என்றால் உறிஞ்சல் நடக்கிறது, காற்று வால்வுக்கோ கூரை வென்ட்டுக்கோ திரும்பிப் போங்கள்.

8. கூரை வென்ட்

டேங்கின் வாயு கூரை வழியே வெளியே போக வேண்டும். அது அடைபட்டால் உள்பக்கம்தான் வழி தேடும்.

கூரை மனிதர் நிற்கத் தாங்குமா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டே ஏறுங்கள். இல்லையென்றால் ஏணியில் நின்றபடியே வேலை செய்யுங்கள். வென்ட் மூடியைத் திறந்து குளவிக் கூடு, இலை, பறவைக் கூடு இருக்கிறதா பாருங்கள்.

அப்படியே குழாயின் உயரத்தையும் பாருங்கள். கூரையில் வெட்டிய துளை பெரும்பாலும் குழாயைவிடப் பெரிதாக இருக்கும். குழாய் நழுவிக் கூரை மட்டத்துக்குக் கீழே போயிருந்தால் வாயு வெளியே போகாமல் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே பரவி, சுவர் வழியே அலமாரிக்குள் இறங்கும். இன்னொரு விளைவும் உண்டு. நழுவிய குழாயின் அடிநுனி டேங்கிற்குள் ஆழமாகப் போய்விடும். டேங்க் பாதி நிறைந்ததும் அந்த நுனி தண்ணீரில் முங்கிவிடும், வென்ட் இருந்தும் இல்லாதது போலாகும். நிறைய நிறைய நாற்றம் அதிகமாவதற்குக் காரணம் இதுதான். குழாயை மேலே தூக்கி, அடிநுனி டேங்கின் மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் நிற்கும்படி வைத்து, மறுபடி நழுவாமல் கட்டுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்ற சீலன்ட்டால் அடையுங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோலியம் கலந்த பசை வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும்.

9. இப்போதுதான் டேங்க்

வழிகளை அடைத்தபின் டேங்கைக் கழுவுங்கள். வெளி வால்வை மூடி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரைக் கிரே டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்கு நிரப்பி, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டுங்கள். தளும்பலே சுவர்களைத் தேய்த்துக் கொடுக்கும். அனுமதியுள்ள இடத்தில் வடித்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள்.

கழிவு இணைப்பு உள்ள இடத்தில் பல நாள் தங்கும்போது கிரே டேங்க் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது உங்கள் டிராப்பின் மறுபக்கம் இருப்பது உங்கள் டேங்க் மட்டும் இல்லை, அந்த இடத்தின் மொத்தச் சாக்கடையும்தான். மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் வடியுங்கள். பிளாக் டேங்கை முதலில், கிரே டேங்கைப் பின்னால் வடித்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

வெளி மூடியைத் திறக்கும்போதே கழிவு கொட்டினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. பிளாக் டேங்க் பக்கத்துக் கசிவு கிரே பக்கம் ஏறினால் சிங்கில் வருவது கழிப்பறை நாற்றமாகவே இருக்கும்.

10. கிளம்பும் முன், நிறுத்தி வைக்கும் முன்

ஓட்டும்போது சிங்கிலும் ஷவரிலும் அடைப்பான் போட்டு வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் எல்லா வடிகாலிலும் ஒரு டம்ளர் தண்ணீர். கூரை விசிறி ஓடினால் ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள், காற்று அங்கிருந்து வரட்டும்.

நீண்ட நாள் நிறுத்துவதானால் வண்டிகளுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். உறைபனியிலும் டிராப்பை உடைக்காது, தண்ணீர் போலச் சீக்கிரம் வற்றாது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம், அதை இங்கே பயன்படுத்தவே கூடாது. பின் அடைப்பானைப் போட்டு, சிங்க் அலமாரியின் கதவைத் திறந்தபடியே விட்டுப் போங்கள். திரும்பி வந்து வண்டிக்குள் கால் வைத்ததும் கசிவு இருந்தால் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும்.